செட்டில்மெண்ட் போட்ட பிறகு கேட்ட லீவு

இதைப் படிப்பவர்கள் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோலின் ஓரத்தை மடித்து ஒட்டுகிற வேலை செய்கிறேன். இத்தனை வருடத்தில் நான் எழுதியதெல்லாம் லீவு லெட்டரும், ரேஷன் கடையைப் பற்றி ஒரு மனுவும்தான். எழுதுவதற்கென்று படித்தவர்கள் இருக்கும்போது நமக்கு எதற்கு இந்த வேலை என்று பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துபோயும் இருக்கிறேன். ஆனால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. பாதியிலேயே சரி என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். எழுதும்போது எதிரில் ஆள் இல்லை, அதனால் முழுசாகச் சொல்லிவிட முடிகிறது. மகள் பிரசவத்துக்காக வெளிநாடு கிளம்புகிற கம்பெனிப் பெண்கள் இப்போது எங்கள் பக்கத்தில் அங்கங்கே இருக்கிறார்கள். அவர்களுக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் மகள் வேலூரில் நர்ஸிங் படித்தாள். பிறகு ஜெர்மன் மொழி படித்து, அந்த நாட்டில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். மருமகனும் அங்கே நர்ஸ்தான். கல்யாணமான வருடமே அவளுக்குக் கரு தங்கிக் கலைந்துவிட்டது. அன்றைக்கு மருமகன் டியூட்டியில் இருந்திருக்கிறார். இவள் தனியாக நடந்துபோய் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். அன்று சாயங்காலம் நான் போன் செய்து என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். தயிர் சாதம் என்றாள். நானும் சரி என்று வைத்துவிட்டேன். நடந்தது எனக்குத் தெரிய ரொம்ப நாளாயிற்று. என் கணவரைத் தவிர யாரிடமும் அப்போது நான் அதைச் சொல்லவில்லை.

இப்போது மறுபடி உண்டாகியிருந்தாள். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவளும் வருவதாகத்தான் இருந்தது. ஆனால் பிரஷர் ஜாஸ்தியாக இருக்கிறது, விமானம் ஏறக் கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். சின்ன வயதிலிருந்து அவள் எதையும் கேட்டு வாங்குகிற பெண் இல்லை. அன்றைக்கு வீடியோவில் முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து, “இந்த தடவை நீ வந்துடும்மா” என்று சொன்னாள். அதற்குப் பிறகு எனக்கு வேறு யோசனை இல்லை.

போகலாம் என்று முடிவு செய்வது ஒன்று, அங்கே எங்கே படுப்பது என்பது வேறு. அவர்கள் இருப்பது ஆஸ்பத்திரி கொடுத்த ஒற்றை அறை. அதில் இரண்டு பேருக்கு மேல் மாதக்கணக்கில் தங்கக் கூடாதாம். நம் ஊரில் கல்யாண வீடென்றால் ஒரு கூடத்தில் பாய் போட்டு இருபது பேர் படுக்கிறோம். ஒரு அம்மா மகளோடு படுக்க என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அங்கே உள்ள ஆபீஸில், உங்கள் அம்மா எங்கே தூங்குவார் என்று காட்டினால்தான் விசாவுக்கு வேண்டிய, மகளும் மருமகனும் என் செலவுக்குப் பொறுப்பு என்கிற பொறுப்புப் பத்திரத்தையே தருவார்கள் என்றாள். அதனால் மகள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு அறை தேடினாள். குறைந்த காலத்துக்கென்று யாரும் தரவில்லை. கடைசியில் இரண்டு தெரு தள்ளி, தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மா, மாடியில் ஒரு அறை இருக்கிறது, ஆனால் வரப்போகிறவளை நான் பார்க்க வேண்டும் என்றார்.

அந்த வீடியோ போனுக்காக நல்ல புடவை கட்டிக்கொண்டு, சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அந்த அம்மா வெள்ளைத் தலையோடு, கழுத்தில் கண்ணாடி தொங்க, சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிகரெட் பிடிப்பாரா, எண்ணெயில் வறுப்பாரா, ராத்திரி குளிப்பாரா என்று மகளிடம் கேட்டார். அங்கே ராத்திரியில் குழாய்ச் சத்தம் ஆகாதாம். மகள் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்ல, நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். கடைசியாக அவர் ஏதோ கேட்க, மகள் சிரித்துவிட்டாள்.

“நீ ஜாஸ்தி பேசுவியான்னு கேக்குறாங்கம்மா. அந்த பயமே வேணாம்னு சொல்லிட்டேன்.”

அறையைத் தருவதாக எழுதிக் கொடுத்தார். விசா வந்ததும் உறுதிசெய்ய வேண்டும், ரொம்ப நாள் காலியாக வைத்திருக்க முடியாது என்றும் சொன்னார். அந்தத் தாள் இல்லாமல் விசா இல்லை. விசா இல்லாவிட்டால் அறை இல்லை. இதற்கு நடுவில் மகளின் கால் வீங்க ஆரம்பித்திருந்தது.

பஜாரில் டிராவல்ஸ் வைத்திருக்கும் பாய் எனக்கு எல்லாத் தாளையும் சேர்த்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர். மெக்காவுக்கு உம்ரா போக ஆள் அனுப்பிப் பழகியவர். ஜெர்மனிக்கு நாம் அனுப்பினது கம்மிதான், ஆனாலும் பேஜார் ஆகவேண்டாம், பார்த்துக்கொள்ளலாம் என்றார். சென்னை விசா சென்டரில் நேரம் கிடைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. தினமும் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்து, ஒரு வெள்ளிக்கிழமையைப் பிடித்துக் கொடுத்தார். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று அவருக்கே தெரியாது என்றார். அந்த வாரத் திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்து அவர் கடைக்குப் போனேன். தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வந்தவர், கம்பெனி லெட்டர் எங்கே என்று கேட்டார். லீவில் போகிறார், திரும்பி வந்து இங்கே வேலை செய்வார் என்று கம்பெனி தருகிற லெட்டர். திரும்பி வருவாய் என்பதற்கு அவர்களுக்கு ஒரு பிடிமானம் வேண்டுமாம்.

“செட்டில்மெண்ட் போட்டுட்டேன் பாய்” என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

எங்கள் கம்பெனிகளில் நடப்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. மகள் கல்யாணம், வீட்டுக்குத் தளம் போடுவது, காது குத்து என்று எது வந்தாலும் பெண்கள் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்து பி.எஃப். பணத்தை எடுப்பார்கள். அதைத்தான் செட்டில்மெண்ட் போடுவது என்போம். இரண்டு மூன்று மாதம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி அதே லைனில் புது டோக்கன் நம்பரோடு வந்து உட்காருவார்கள். சூப்பர்வைசரே ஆள் அனுப்பிக் கூப்பிடுவதும் உண்டு. அதை யாரும் வேலையை விட்டதாக நினைப்பதில்லை. மகள் நர்ஸிங் சேர்ந்தபோதும் நான் அப்படித்தான் செய்தேன். இப்போதும் அப்படியே செய்தேன். மாதக் கடைசியோடு கணக்கு முடிகிறது என்று எழுதிக் கொடுத்திருந்தேன். வரும் பணத்தில் டிக்கெட் எடுப்பதாகத் திட்டம்.

டிக்கெட்டை நாங்கள் எடுக்கிறோம் என்று மருமகன் முதலிலேயே சொன்னார். என் கணவர் ஒப்பவில்லை. அவர் பேரணாம்பட்டு ரோட்டில் ஒரு தோல் ஷாப்பில், தோல் பதனிடுகிற டிரம்மில் வேலை செய்கிறார். கோபமே வராத மனிதர்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அசையவில்லை. “மொத பிரசவம் பொண்ணு வூட்டு செலவு. மாப்பிள்ள காசுல ஏரோப்ளேன் ஏறிப் போய் பிரசவம் பாத்தோம்னா அவங்க அம்மா நம்மள இன்னா நெனைப்பாங்க?” என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் செட்டில்மெண்ட்.

பாய் குரலைத் தணித்து, தன் மச்சானுக்கு வாணியம்பாடியில் சின்ன யூனிட் இருப்பதாகவும், அங்கே வேலை செய்வதாக ஒரு லெட்டர் வாங்கிவிடலாம் என்றும் சொன்னார். உதவி செய்யத்தான் சொன்னார். நானும் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் கம்பெனி ஆபீஸ் படியேறிப் பேசுவதைவிட அது எனக்குச் சுலபம். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். தூதரகத்திலிருந்து அந்தக் கம்பெனிக்குப் போன் செய்து கேட்பார்கள், பொய் என்று தெரிந்தால் எனக்கு விசா கிடைக்காததோடு போகாது, பொறுப்புக் கையெழுத்துப் போட்ட அவர்கள் இரண்டு பேரின் வேலைக்கும் கேள்வி வரும் என்று சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் வேலையில் கையே ஓடவில்லை. ஓரத்தில் தடவின சொல்யூஷன் பசை காய்ந்துபோன பிறகு மடித்து, சுத்தியால் தட்டினால் பிரிந்து பிரிந்து வந்தது. என் மேசையில் எதிரே உட்காருபவள் என்னைவிடச் சின்னவள், வாய்க்காரி. “ஜெர்மனிக்காரி ஆய்ட்டா, இனிமே எங்க தோல் எல்லாம் ஒட்டுமா” என்று மற்றவர்கள் கேட்கிற மாதிரிச் சொன்னாள். லைன் முழுக்கச் சிரித்தது. என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, டீ டைமில் தனியாக இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைக் கேட்டாள். கரு கலைந்ததைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். சூப்பர்வைசர் மேடத்திடம் முதலில் போ என்றாள். போனேன். மேடம் தலையை நிமிர்த்தாமல், என் இடத்துக்கு ஆள் எடுத்தாயிற்று, புதன்கிழமை சேருகிறாள், இனிமேல் ஆபீஸில்தான் கேட்க வேண்டும் என்றார்.

ஆபீஸ் மாடியில் இருக்கிறது. இத்தனை வருடத்தில் அங்கே நான் எனக்காக ஒருமுறைகூடப் போனதில்லை. எதுவானாலும் சூப்பர்வைசர் வழியாகத்தான். அன்றைக்கே, செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். “யக்கா, கம்பெனி பஸ்ஸுக்கு மட்டும் முண்டியடிச்சு ஏறத் தெரியுது, இந்த படி ஏறத் தெரியலையா?” என்று கேட்டாள் அந்த வாய்க்காரி. புதன்கிழமை காலையில், வந்திருந்த புதுப் பெண்ணுக்கு இடத்தைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். எழுந்த பிறகு உட்கார இடம் இல்லை. அதனால் ஏறினேன்.

எச்.ஆர். சார் வயதில் என் மகளைவிட ஒன்றிரண்டு வருடம்தான் பெரியவராக இருப்பார். உட்காருங்கம்மா என்றார். நான் நின்றுகொண்டேதான் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரில் என் டோக்கன் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, என் லெட்டரையும் ஃபைலிலிருந்து எடுத்தார். எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவதுதான், சொந்தக் காரணத்தால் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று.

“வேலை வேணாம்னு நீங்க எழுதி குடுத்துருக்கீங்க. திரும்ப வேலைக்கு வருவாங்கன்னு நான் எழுதித் தரணுமா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார்.

நாங்கள் எல்லாரும் திரும்ப வருவதைச் சொன்னேன். அவருக்கும் அது தெரியும், ஆனால் தாளில் அது இல்லை என்றார். அதோடு, மூன்று மாதம் லீவு கொடுத்தால் நாளைக்கு லைனில் உள்ள எல்லாரும் கேட்பார்கள், முதலாளியிடம் அவர் என்ன பதில் சொல்வது என்றார். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. சரி சார் என்று திரும்பிவிடலாம் என்று தோன்றியது. கதவுப் பிடியில் கையைக்கூட வைத்துவிட்டேன். கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

“போன தடவை எம் பொண்ணு தனியா போய் படுத்துச்சு சார். கொழந்தை நிக்கல. எனக்கு அன்னிக்கு தெரியாது. இந்த தடவை நான் கூட இருக்கணும்.”

அவர் சொல்லும்வரை நான் திரும்பவில்லை. கணக்கு முடித்ததாக பி.எஃப். ஆபீஸுக்கு இன்னும் அனுப்பவில்லை, மாதக் கடைசியில்தான் போகும், இன்றைக்கே ராஜினாமாவை வாபஸ் வாங்குகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் சம்பளமில்லாத லீவுக்கு முதலாளியிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். வாபஸ் வாங்கினால் பி.எஃப். பணம் வராது, தெரியும்தானே என்றார்.

தெரியும். அந்தப் பணம் வராவிட்டால் டிக்கெட் மருமகன் எடுக்க வேண்டும். வேறு வழி கிடையாது. வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்று வெளியே வந்து என் கணவருக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. டிரம் ஓடுகிற சத்தத்தில் அவருக்குக் கேட்காது. மறுபடி செய்தேன். கண்ணாடிக்கு உள்ளே சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து கோட்டை எடுத்து மாட்டினார், எங்கேயோ மீட்டிங். இருபத்தெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் என் கணவரைக் கேட்காமல் நான் பெரிதாக ஒன்றும் செய்ததில்லை. உள்ளே போய் வாபஸ் லெட்டரில் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். அப்போது தோல் ஷாப்பிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். செம்பில் இருந்த தண்ணீர் தீரும்வரை காலிலேயே ஊற்றினார். பிறகு உள்ளே வந்து சாப்பிட்டார். லெட்டர் கிடைக்குமா என்றுகூடக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை என்னை லைனிங் ஒட்டுகிற மேசையில் ஒரு ஓரமாக உட்கார வைத்தார்கள். மதியம் வரை ஆபீஸிலிருந்து தகவல் இல்லை. நாலு மணி டீக்கும் இல்லை. ஷிஃப்ட் முடிந்து மணி அடித்தது. எங்கள் ஊர்ப் பக்கம் போகிற கம்பெனி பஸ்ஸில் எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அதை விட்டால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, டவுன் பஸ் பிடிக்க வேண்டும். நான் படிக்கட்டுக்குக் கீழே நின்றேன். பஸ் போய்விட்டது. பார்த்தால் அந்த வாய்க்காரி டிபன் பையோடு என் பக்கத்தில் நிற்கிறாள். நீ ஏன் போகவில்லை என்று கேட்டேன். தனியாக நின்றால் நான் செக்யூரிட்டிக்குப் பயந்து ஓடிவிடுவேனாம்.

ஆபீஸ் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியில் சார் இறங்கி வந்தார். கையில் கவர் இருந்தது. முதலாளியின் கையெழுத்துக்காகக் காத்திருந்ததாகச் சொன்னார். நான் நன்றி சொன்னேனா என்று இப்போது யோசித்தால் நினைவில்லை. அவள்தான் என் சார்பில் “தேங்க்ஸ் சார்” என்று சொல்லிவிட்டு, வெளியே வந்ததும் கவரைப் பிரித்து என் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ரயிலுக்கு என் கணவர் எனக்கு முன்னால் கிளம்பி நின்றார். சென்னை வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். விசா சென்டரில் அவரை உள்ளே விடவில்லை. வெளியே மரத்தடியில் நின்றார். உள்ளே கவுண்டரில் இருந்த பெண் தாள்களை வேகமாகத் தள்ளிக்கொண்டே வந்து கம்பெனி லெட்டரில் நின்றாள். மகள் அங்கேயே இருக்கிறாளே, நீங்கள் ஏன் திரும்பி வருவீர்கள் என்று கேட்டாள். என் கணவர் இங்கே இருக்கிறார், வேலை இங்கே இருக்கிறது என்றேன். பிறகு விரல் ரேகை. சொல்யூஷன் காய்ந்து உரித்து உரித்து என் விரல் நுனியெல்லாம் வழவழவென்று இருக்கும். கண்ணாடியில் வைக்க வைக்கச் சிவப்பு விளக்கே எரிந்தது. அந்தப் பெண் ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னாள், அழுத்தச் சொன்னாள். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. ஒவ்வொரு விரலாக, கடைசியில் எல்லாம் பச்சையானது.

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. பாஸ்போர்ட் அவர்களிடம் இருந்தது. மகளுக்குப் பிரஷர் ஏறி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து அனுப்பினார்கள். அறை கேட்டு ஒரு மாணவன் வந்திருப்பதாக அந்த அம்மா மகளிடம் சொன்னார். அவன் ஒரு வருடத்துக்கு எடுத்துக்கொள்வானாம். யாராக இருந்தாலும் அவனுக்குத்தான் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். அவர் இன்னும் ஒரு வாரம் பார்க்கிறேன் என்றாராம். நடுவில் ஒருநாள் ஆபீஸிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். தூதரகத்திலிருந்து போன் வந்தது, எங்கள் ஒர்க்கர்தான், லீவில் போகிறார் என்று சொல்லியிருக்கிறேன் என்றார் சார். மேசைக்குத் திரும்பி வந்து அடுத்த லைனிங்கை எடுத்தேன்.

வீட்டில் என் கணவர் எல்லாம் பேசினார், டிக்கெட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை. மருமகன் போன் செய்தால் சௌக்கியம் கேட்டுவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவார். விசா வந்ததும் எடுக்கிறேன் அத்தை என்று மருமகன் சொல்லும்போது அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

அந்த ஒரு வாரம் முடிகிற நேரத்தில் கூரியர்காரர் வந்தார். நான் வேலையில் இருந்தேன். என் கணவர்தான் வாங்கியிருக்கிறார். கவரைப் பிரிக்காமல் டிவி மேல் வைத்திருந்தார். நான் வந்து பிரித்தேன். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியிருந்தது. மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவள் போன் செய்தாள். அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன், மாணவனை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார் என்றாள். பிறகு அழுதாள். நான் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை. அவள் அழுது முடிக்கிறவரை போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வழக்கம்போல் காலை ஷிஃப்டுக்குப் போனேன். மதியம் மருமகன் டிக்கெட்டை என் கணவரின் போனுக்கு அனுப்பினார். இவர் அரை நாள் லீவு போட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் அதைப் பிரின்ட் எடுத்து வந்தார்.